சர்க்கரைக் கரைசலோடு நின்றுவிடலாமா?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தின் இருட்டறையில், சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், ஒரு போலாரிமீட்டர் இருக்கிறது. இயற்பியல் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் அதன் முன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சர்க்கரையை நிறுத்துக் கரைத்து, வடிகட்டி, இருபது சென்டிமீட்டர் குழாயில் குமிழி இல்லாமல் நிரப்பி, அரைவட்டங்கள் இரண்டும் ஒரே மங்கலாகத் தெரியும் வரை திருகித் திருகி, வெர்னியரைப் படித்து, கரும்புச் சர்க்கரையின் சுழற்சித் திறன் 66.5 என்று எழுதிக் கையெழுத்து வாங்குவோம். உண்மையைச் சொல்வதானால், விடை 66.5 என்பது பலருக்கு முன்பே தெரியும். வெர்னியர் அளவுகள் அந்த விடையிலிருந்து பின்னோக்கி நடந்து வருவதும் உண்டு. விரிவுரையாளர் பெருமக்கள் இதை அறியாதவர்கள் அல்லர். நானும் ஒரு முறை அப்படி எழுதியவள்தான்.

தளவிளைவு என்னும் அரிய பண்பை நாம் சர்க்கரைத் தண்ணீரோடு நிறுத்திவிடுகிறோம். அதை ஒரு குவளைப் பால்நீர் வரையிலாவது, முடிந்தால் அங்கிருந்து உயிர்த் திசு வரையிலும் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு இயற்பியல் துறையும் விலங்கியல் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இதுவே என் கருத்து. இரண்டாமாண்டு மாணவிக்கு இவ்வளவு வாயா என்று கேட்க நினைப்பவர்கள் கட்டுரையை முழுதும் படித்துவிட்டுக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

பிற துறை நண்பர்களுக்காக இரண்டு வரி. ஒளி ஒரு குறுக்கலை. அது செல்லும் திசைக்குச் செங்குத்தாக எல்லாப் பக்கமும் அதிர்கிறது. ஒரே தளத்தில் மட்டும் அதிருமாறு அதை வடிகட்டிவிட்டால், அது தளவிளைவுற்ற ஒளி. அப்படி வடிகட்டும் தாளைத் தளவிளைவாக்கி என்போம். அதன் முன் இன்னொரு தாளைக் குறுக்காக வைத்தால் ஒளி அறவே மறைந்துவிடும். தாள் இல்லாமலும் இது நிகழும். நுண்ணிய துகள்களில் பட்டுப் பக்கவாட்டில் சிதறும் ஒளி தானாகவே தளவிளைவு பெறுகிறது என்பதை 1869இல் ஜான் டிண்டால் காட்டினார். மாலையில் நம் கல்லூரி மொட்டை மாடியில் நின்று, சூரியனுக்குச் செங்குத்தான திசையில் நீல வானத்தைப் போலராய்டு கண்ணாடி வழியே பார்த்து, கண்ணாடியை மெல்லத் திருப்புங்கள். வானம் ஒரு நிலையில் கறுத்துத் தெரியும்.

நிற்க. இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆர்வம் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். அம்மா களையெடுக்கப் போகிறவர். பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அப்பத்தாதான். அப்பத்தாவின் இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை தொங்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் அதில் இருக்கும். நடவு வயலில் பசியை மறக்கப் பழகியது, பிறகு பசி இல்லாத நேரத்திலும் விடவில்லை. நான் பத்தாம் வகுப்புப் படிக்கையில் இடது கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைப் படலம் வந்தது. "சுண்ணாம்பு சுட்டுருச்சு தாயி, ஆறிரும்" என்று சொல்லிவிட்டது. ஓராண்டுக்கு மேல் அது ஆறவில்லை. குழம்பில் காரம் தாங்கவில்லை என்று சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் தெரிந்தது.

ஆரம்பச் சுகாதார நிலையத்து டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், சிறிது சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். அந்த ஒரு சொல்லில் அப்பத்தா பின்வாங்கிவிட்டது. "கத்தி பட்டா பரவிரும்னு சொல்லுவாக. நான் வரமாட்டேன்." சதை எடுத்துச் சோதிப்பதால் நோய் பரவாது. அது வெறும் அச்சம். ஆனால் அந்த அச்சத்தை உடைக்க எங்கள் வீட்டில் படித்தவர் யாரும் இல்லை. எனக்கும் அப்போது பதில் தெரியாது. எட்டு மாதம் கழித்துச் சதை எடுத்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஆண்டில் அப்பத்தா போய்ச் சேர்ந்தது.

இந்த நினைவோடுதான் சென்ற பருவத்தில் போலாரிமீட்டரின் முன் உட்கார்ந்தேன். "ஐயா, சர்க்கரையைத் தவிர வேறு எதை இதில் பார்ப்பார்கள்?" என்று எங்கள் விரிவுரையாளரைக் கேட்டேன். மறுநாள் அவர் சில பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தார். உயிர்த் திசுவிலுள்ள துகள்களைத் தளவிளைவுற்ற ஒளியின் சிதறலால் ஆராய்வது பற்றிய ஆங்கிலக் கட்டுரை அது. தமிழ்வழியில் படித்து வந்தவள் நான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. படித்ததைப் புரிந்துகொள்ள ஒரு குவளைப் பால் தேவைப்பட்டது.

அந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். டி.வி. பழுதுபார்க்கும் கடையில், உடைந்த திரையிலிருந்து உரித்த தளவிளைவுத் தாளில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். இருட்டிய பின் கண்ணாடிக் குவளையில் நீரை எடுத்துக்கொண்டு, அட்டையில் சிறு துளையிட்டு, கைபேசியின் டார்ச்சை அதன் வழியே நீருக்குள் அடித்தேன். தெளிந்த நீரில் ஒளிக்கற்றை ஏறத்தாழத் தெரியவே இல்லை. இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டதும் கற்றை இளநீலப் புகைபோலத் தெரிந்தது. பக்கவாட்டில் இருந்து தாளின் வழியே பார்த்துத் தாளைத் திருப்பினேன். ஒரு நிலையில் கற்றை பளிச்சென்று இருந்தது. கால் சுற்றுத் திருப்பியதும் ஏறக்குறைய அணைந்தே போயிற்று. டிண்டால் கண்டதை எங்கள் அடுப்படியில் நானும் கண்டேன்! பிறகு பாலை ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று ஊற்றினேன். குவளை முழுதும் வெள்ளையாக ஒளிர்ந்தது. இப்போது தாளை எப்படித் திருப்பினாலும் ஒளி கூடவுமில்லை, குறையவுமில்லை. "காப்பிக்கு வச்ச பாலை ஏன் ஆத்தா பாழாக்குற?" என்று அம்மா கேட்டது தனிக்கதை.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பால் மிகக் குறைவாக இருக்கும்போது ஒளி ஒரே ஒரு துகளில் பட்டு நேராக நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. அது தன் தளத்தை மறப்பதில்லை. பால் அடர்ந்துவிட்டால் ஒரு துகளிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று அலைக்கழிந்து, எந்தத் தளத்தில் அதிர்ந்தோம் என்பதே ஒளிக்கு மறந்துபோகிறது. எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவில் கூட்டத்தின் ஓரமாக நின்று வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுத் திரும்பியவன் சட்டை மடிப்புக் கலையாமல் வருவான். நடுக்கூட்டத்தில் புகுந்து வெளிவந்தவன் கசங்கித்தான் வருவான். சட்டையைப் பார்த்தே யார் எவ்வளவு தூரம் உள்ளே போனான் என்று சொல்லிவிடலாம்.

நம் தசையும் தோலும் அடர்ந்த பாலைப் போன்றவையே. திசுவுக்குள் நுழையும் ஒளி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் ஒரு தடவையாவது சிதறிவிடும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே திசுவின்மேல் விளக்கடித்துத் திரும்பிவரும் வெளிச்சத்தில் பெரும்பகுதி ஆழத்துக்குப் போய்க் கசங்கி வந்ததுதான். மேலடுக்கில் ஒரே முறை சிதறித் திரும்பியது நூற்றில் சில பங்கே தேறும். ஆனால் மருத்துவருக்கு வேண்டிய செய்தி அந்தச் சில பங்கில் இருக்கிறது. வாய், குடல், சிறுநீர்ப்பை முதலியவற்றின் உட்பரப்பைப் போர்த்தியிருக்கும் எபிதீலியத் திசுவில்தான் புற்றுநோய்களில் பெரும்பாலானவை தொடங்குகின்றன. தொடங்குமுன்பே அங்குள்ள செல்களின் உட்கரு பருக்கிறது. இயல்பான உட்கருவின் விட்டம் 5 முதல் 10 மைக்ரான் என்றால், கெடத் தொடங்கியவற்றில் அது 20 மைக்ரான் வரைகூடப் போகும்.

கசங்கிய ஒளிக்குள் கிடக்கும் கசங்காத ஒளியைப் பிரித்தெடுக்கக் கையாளும் உபாயம் ஒரே ஒரு கழித்தல் கணக்கு! தளவிளைவுற்ற ஒளியைத் திசுவின்மேல் செலுத்துகிறார்கள். திரும்பும் ஒளியை இரண்டாகப் பிரித்து அளக்கிறார்கள்: அனுப்பிய தளத்துக்கு இணையானது ஒன்று, செங்குத்தானது மற்றொன்று. தளத்தை மறந்துபோன ஆழத்து ஒளி இரண்டிலும் சரிபாதியாக இருக்கும். மறக்காத மேலடுக்கு ஒளியோ இணையான பங்கில்தான் மிகுதி. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஆழத்து ஒளி தன்னைத்தானே தீர்த்துக்கொள்ள, மேலடுக்கின் செய்தி மட்டும் மிஞ்சும். ஈரப் பரப்பின் பளபளப்பும் தளத்தை மறக்காது என்பதால், ஒளியைச் சற்றுச் சாய்வாக அனுப்பி அது வேறு பக்கம் தெறிக்குமாறு பார்த்துக்கொள்வார்கள்.

மிஞ்சிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் அதில் ஏற்ற இறக்க நெளிவுகள் தெரிகின்றன. உட்கருவின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தின் எண்ணிலிருந்து சிறிதே, நூற்றில் சில பங்கே, வேறுபடும். அதனூடே போன அலையும் சுற்றிப் போன அலையும் சற்று முன்பின்னாகிவிடுகின்றன. இரண்டும் சேரும்போது சில அலைநீளங்களில் வலுக்கும், சிலவற்றில் மெலியும். நியூட்டன் வளையங்களில் நாம் பார்க்கிற அதே குறுக்கீடுதான் இது. உட்கரு பெரியதாக இருந்தால் நெளிவுகள் நெருங்கி வரும். கோளத் துகளுக்கு இந்தக் கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்டியவர் ஜெர்மானியரான குஸ்தாவ் மீ. 1908இல் அவர் நினைத்தது நீரில் மிதக்கும் பொற்துகள்களை. அந்தச் சமன்பாடுகள் ஒருநாள் ஒருவரின் வாய்க்குள் எட்டிப் பார்க்க உதவும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மைக்கேல் ஃபெல்டின் ஆய்வுக்கூடத்தில் 1999இல் வாடிம் பேக்மன் முதலானோர் இந்தக் கழித்தல் முறையால் எபிதீலியச் செல்களின் உட்கரு அளவைச் சதையை வெட்டாமலே கணிக்கலாம் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு 'நேச்சர்' இதழில் அந்தக் குழுவினர் வெளியிட்ட கட்டுரை உணவுக்குழாய், பெருங்குடல், சிறுநீர்ப்பை, வாய்க்குழி என நான்கு உறுப்புகளில் புற்றுக்கு முந்தைய மாற்றங்களை ஒளிச்சிதறலால் கண்டதைச் சொல்கிறது. அங்கே ஆழத்து ஒளியைக் கணித மாதிரி ஒன்றைக் கொண்டு கழித்தார்கள். தளவிளைவு முறையிலோ கருவியே அதைக் கழித்துவிடுகிறது. "வாய்க்குழி" என்ற சொல்லைப் படித்த இடத்தில் அகராதியை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

இது அயல்நாட்டுச் சரக்கு, நமக்கு எட்டாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1921இல் இங்கிலாந்திலிருந்து 'நார்க்குண்டா' கப்பலில் திரும்பிய சி.வி. ராமன் கையில் வைத்திருந்தது ஒரு நிக்கல் பட்டகம். கடல் நீலமாக இருப்பது வானத்தின் நீலத்தைப் பிரதிபலிப்பதால்தான் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் பட்டகத்தைத் திருப்பி, கடற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அணைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. ஆகவே நீருக்குள் சிதறிவரும் ஒளியே அந்த நீலம். பரப்பை நீக்கி ஆழத்தைப் பார்த்தார் அவர். திசு ஆய்வாளர்கள் ஆழத்தை நீக்கி மேலடுக்கைப் பார்க்கிறார்கள். கைவேலை ஒன்றுதான். அந்த ராமன் படித்த சென்னை மாநிலக் கல்லூரியும் நம்முடையதைப் போல ஓர் அரசு கலைக் கல்லூரியே. அவருடைய மாணவர் ஆர்.எஸ். கிருஷ்ணன் 1930களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், கூழ்மங்கள் சிதறும் ஒளியின் தளவிளைவை அளந்து துகள்களின் தன்மையை ஆராய்ந்தார். பாலும் ஒரு கூழ்மந்தானே! பிற்காலத்தில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும், கொல்கத்தா ஐசரிலும், இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்திலும் திசுக்களைத் தளவிளைவு கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் விளம்பரம் ஆகிவிடும். திசுவில் உட்கரு மட்டுமா இருக்கிறது? மைட்டோகாண்ட்ரியா முதலிய சிறு துகள்களும் ஒளியைச் சிதறடிக்கின்றன. அடியிலுள்ள கொலாஜன் நார்களோ இரட்டை ஒளிவிலகல் உடையவை. தளத்தைத் தம் பங்குக்கு மாற்றிவிடும். குடலின் எபிதீலியம் ஒற்றை அடுக்கு. வாயினுடையது பல அடுக்கு. கேடு அடியடுக்கில் தொடங்க, மேலே தடித்த வெண்படலம் மறைத்துக்கொண்டு நிற்கும். அப்பத்தாவின் வாயில் இருந்தது அதுதான். ஆகவே நோயை உறுதி செய்யச் சதைச் சோதனையே இன்றும் தேவை. ஒளி செய்யக்கூடியது, எந்த இடத்தில் சதை எடுப்பது, யாரை உடனே அனுப்புவது என்று வழிகாட்டுவது. கத்தியை எடுக்குமுன் விளக்கை எடுக்கிற ஒரு டாக்டரம்மாவிடம் அப்பத்தா வாயைத் திறந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இதற்கு நிரூபணம் கிடையாது.

"பாடத்திட்டத்தில் இல்லையே" என்பது முதலில் வரும் மறுப்பு. போலாரிமீட்டர் பாடத்திட்டத்தில் இருக்கிறது, தளவிளைவு இருக்கிறது, சிதறல் இருக்கிறது. தனித்தனி அலகுகளில் இருப்பவற்றைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று எந்தப் பல்கலைக்கழகமும் விதி எழுதவில்லை. "கருவிக்குப் பணம்?" என்றால், ஒரு குவளை, ஒரு டார்ச், இரண்டு துண்டுத் தாள், நான்கு சொட்டுப் பால். ஒளியை அளக்க வேண்டுமானால் ஆய்வகத்தில் ஒளிமின்கலம் இருக்கிறது. சொட்டுகளின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போய் தளவிளைவு எப்படிக் குறைகிறது என்று வரைபடம் போட்டால், அதற்கு 66.5 போல முன்பே தெரிந்த விடை கிடையாது. அதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். "வேலைக்கு ஆகுமா?" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், எங்கள் அப்பாவும் அதையே கேட்கிறார். வங்கித் தேர்வுக்கு நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சனிக்கிழமைப் பிற்பகல் இரண்டு மணி நேரத்தால் அது கெட்டுவிடாது.

விலங்கியல் துறையை ஏன் இழுக்கிறேன் என்றால், எங்கள் ஆய்வகத்துக்கு எதிரே, தாழ்வாரத்தின் மறுபக்கம்தான் அவர்கள் ஆய்வகம். அங்கே படிக்கும் என் தோழி ஒருநாள் என்னை அழைத்துப் போய் முதலாமாண்டுச் செய்முறை ஒன்றைச் செய்து காட்டினாள். பல்குத்தும் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடி வில்லையில் தடவி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் வைத்தாள். அப்பளம் போல் பரந்த செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலப் பொட்டாக உட்கரு. ஆண்டுதோறும் அவர்கள் இதைப் படம் வரைந்து கையெழுத்து வாங்குகிறார்கள், நாங்கள் 66.5 எழுதுவதைப் போல. அளந்து பார்த்ததுண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். கண்வில்லை அளவுகோல் ஒன்று அலமாரியில் இருந்தது. தூசி தட்டிப் பொருத்தி, என் கன்னத்துச் செல்களில் பன்னிரண்டை அளந்தோம். உட்கருக்கள் எல்லாம் 6 மைக்ரானுக்கும் 9 மைக்ரானுக்கும் இடையில் இருந்தன.

இதே செல்களை நீரில் கலக்கி, எங்கள் ஆய்வகத்து விளக்கின் முன் வைத்து, இரு தளங்களிலும் அளந்து பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. நுண்ணோக்கி அந்தப் பக்கம் இருக்கிறது. ஒளிமின்கலமும் நிறமாலைமானியும் இந்தப் பக்கம். சனிக்கிழமைப் பிற்பகல் இரண்டு ஆய்வகங்களின் சாவியும் ஒரே நேரத்தில் கிடைக்குமா என்று விண்ணப்பம் எழுதி, இரு துறைத் தலைவர்களிடமும் கொடுத்திருக்கிறோம். இந்த மலர் அச்சுக்குப் போகும் வரை இருவரும் கையெழுத்திடவில்லை, மறுக்கவும் இல்லை.